காசாளரும் காசு சேர்ப்போரும்



அயோத்திதாசப் பண்டிதர் 1907ஆம் ஆண்டில் சென்னையில் தொடங்கிய வார இதழுக்கு 'ஒரு பைசாத் தமிழன்' என்று பெயரிட்டார். இதழின் விலையே அதன் பெயராயிற்று. கூலி வேலை செய்வோனும் எடுத்து நீட்டத்தக்க காசு அது என்பதே அப்பெயரின் கருத்தென்று நாம் கொள்கிறோம். ஆகையால், சில்லறைக் காசைப் பற்றி ஓர் உபந்நியாசமா என்று நம்மவர் எவரும் நகைக்க வேண்டுவதில்லை.

பொன்முடி மலையடிவாரத்து வித்துராவை எடுத்துக்கொள்வோம். அம்மலைப்புறத்துத் தேயிலைத் தோட்டங்களுக்குத் தமிழர் கூலிகளாகச் சென்றனர். அப்பால் உயர்ந்து நிற்பது அகத்தியர்கூடம். அகத்தியர் அவலோகிதரிடம் தமிழ் கேட்டார் என்று புத்தமித்திரர் வீரசோழியத்தில் கூறியிருத்தலை அறிந்தோர்க்கு அது அயலார் மலையன்று. நிற்க. இன்று நாம் பேசப் புகுந்தது மலையைப் பற்றியன்று. பாங்கியின் பணச் சாளரத்தைப் பற்றியே.

அவ்வூர் திருவிதாங்கூர் அரசில் இருந்த நாளில் 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு ரூபாய். வெள்ளிச் சக்கரம் மிளகினும் சற்றே பெரிது; விரலால் எண்ணப் புகுந்தால் உருண்டோடும். ஆதலின், சிறு குழிகளை வரிசையாகக் குடைந்த மரப்பலகையின்மேல் ஒரு கைப்பிடி சக்கரத்தைக் கொட்டி அசைப்பர். குழிக்கு ஒன்றாக அமர்ந்துவிடும். மிஞ்சியதை வழித்தெடுத்தால் எண்ணிக்கை முடிந்தது. காசு சேர்ப்போர் இன்று அப்பலகையையும் தேடி வாங்குகின்றனர். எண்ணுவது தொல்லை என்று அக்காலக் கணக்கர் காசைத் தள்ளவில்லை, பலகை செய்துகொண்டார்.

நம் காலத்து நடப்போ வேறு. பத்து ரூபாய் நாணயம் செல்லாது என்னும் வதந்தி பரவித் தமிழ்நாட்டின் பல ஊர்களில் கடைக்காரர் அதனை வாங்க மறுத்தனர். ரூபாய்க் குறி பொறித்தது மெய், பொறியாதது பொய் என்றனர். 14 வடிவங்களில் வெளியான யாவும் செல்லும் என்று ரிசர்வ் பாங்கி 2018 ஜனவரி 17ஆம் நாள் அறிவித்தது. அவற்றுள் ஒன்று பாபாசாகேப் அம்பேத்கரின் 125ஆம் பிறந்த ஆண்டை முன்னிட்டு 2015இல் வெளிவந்தது. ரூபாயின் சிக்கலைப் பற்றி 1923இல் நூல் எழுதிய பேரறிஞரின் திருவுருவம் தாங்கிய காசையும் அன்று செல்லாக் காசென்று தள்ளினர்!

2022ஆம் ஆண்டில் தருமபுரி மாவட்டத்து அரூரைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் ஏறக்குறைய 6 இலட்சம் ரூபாயைப் பத்து ரூபாய் நாணயங்களாகவே கொணர்ந்து சேலத்தில் கார் வாங்கினார். தம் தாயாரின் கடையில் சேர்ந்த காசைப் பிறர் வாங்க மறுத்ததையும், பாங்கியில் எண்ணுவதற்கு ஆளில்லை என்றதையும், சிறுவர் அந்நாணயங்களை விளையாட்டுப் பொருளாக்கியதையும் கண்டு மனம் நொந்தே அவ்வாறு செய்ததாக அவர் கூறினார். செய்தித்தாள்கள் அதனை வேடிக்கையாக அச்சிட்டன. நமக்கு அது வேடிக்கையாகத் தோன்றவில்லை.

ஏனெனில், நம் பாட்டனாரிடமிருந்து காசைக் கையில் வாங்காத கடைகள் இருந்தன. தரையில் வை என்பர். அதன்மேல் தண்ணீர் தெளித்தே எடுப்பர். மீதிச் சில்லறையை எட்ட நின்று வீசுவர். காசுக்குத் தீட்டில்லை, அதனைப் பிடித்த கைக்கே தீட்டு! பாங்கியின் சாளரம் அவ்வழக்கத்தை முறித்த இடங்களுள் ஒன்று. அங்கே எவர் கையிலிருந்தும் காசாளர் நேரே பெற்று எண்ணுகிறார். மலைத்தோட்டத்துப் பாட்டி ஒருத்தி முடிச்சவிழ்த்து நீட்டும் நாணயங்களை 'இதையெல்லாம் இங்கே கொண்டுவராதே' என்று அவர் ஒதுக்கித் தள்ளுவாராயின், அவள் நெஞ்சில் விழுவது அந்தப் பழைய அடியே. 2006ஆம் ஆண்டின் பாங்கிக் குறைதீர்ப்புத் திட்டம், தக்க காரணமின்றி நாணயத்தை மறுப்பதை முறையீட்டுக்குரிய குற்றங்களுள் ஒன்றாக வைத்தது. சட்டம் கூறாவிடினும் கருணை கூறும்.

ஆயினும், காசாளரை மட்டும் குறை கூறுதல் அறமாகாது. ஆலையின் சம்பளச் சாளரத்தின் வெளிப்புறத்தில் நெடுங்காலம் நின்றவர்கள் நாம். உள்ளிருப்பவனும் கூலிக்காரனே என்பதை அங்கேதான் கற்றோம். ஆளின் ஆற்றலுக்கேற்ப வேலை கொடுப்பது தலைவன் கடமை என்று சிகாலோவாத சூத்திரத்தில் பகவான் அருளினார். நூறு பேர் வரிசைக்கு ஒரே காசாளரை அமர்த்திவிட்டு இன்முகம் காட்டு என்பது எவ்வகை நீதி?

இனிக் காசு சேர்ப்போர். பழங்காசு சேர்த்தல் தீய பழக்கமன்று. கனிஷ்கரின் பொற்காசில் கிரேக்க எழுத்தில் 'போத்தோ' என்ற பெயருடன் புத்தர் நின்றருளும் உருவத்தை உலகம் காண்பது சேர்ப்போரின் உழைப்பாலுமே. ஆயினும், ஓய்வூதியத்திற்கு வந்த முதியோர் கால்கடுக்க நிற்கையில், புது நாணயப் பையைப் பிரித்துக் காட்டும்படி காசாளரை நெருக்குவது முறையா? அம்பேத்கர் நினைவாக வந்த 125 ரூபாய் நாணயம் சாளரத்தில் கிடைப்பதன்று. அத்தகையவற்றை அரசின் நாணயச்சாலைகளே விற்பனை செய்யும். அதனை அறியாது காசாளரைக் கடிந்தவர் நம்மவரிலும் உண்டு.

சேரி நாட்டு வணிகர் இருவரின் சாதகக் கதையை எண்ணுங்கள். வறுமையுற்ற வீட்டில் அழுக்கேறிக் கிடந்த பாத்திரத்தை ஒருவன் கீறிப் பார்த்துப் பொன்னென்று அறிந்தும், அரைக் காசும் பெறாது என்று எறிந்து போனான், பிறகு வந்து சும்மா பெறலாம் என்னும் எண்ணத்தால். அடுத்து வந்த போதிசத்துவரோ, 'அம்மா, இது இலட்சம் பெறும். அவ்வளவு பொருள் என்னிடமில்லை' என்று உண்மையைக் கூறினார். தம்மிடமிருந்த ஐந்நூறு காசையும் சரக்கையும் கொடுத்துவிட்டு, ஓடக்கூலிக்கு எட்டுக் காசு மட்டும் கேட்டுப் பெற்றுச் சென்றார். அறியாதவரிடம் அரிய காசைச் சில்லறை விலைக்குப் பறித்து, அதனைத் திறமையென்று பேசுவோர் முதல்வனின் வழியினரே. அதற்கு எதிர்ப்புறமும் உண்டு: உங்கள் பழங்காசுக்கு இலட்சம் தருவோம், முன்பணம் அனுப்புக என்று ரிசர்வ் பாங்கியின் பெயராலேயே ஏய்ப்போரைக் குறித்து அப்பாங்கி 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. நம் குடும்பங்கள் இவ்வலையில் விழலாகாது.

வீட்டில் பத்து ரூபாய் நாணயம் முடங்கிக் கிடப்பின், நூறு நூறாக எண்ணிப் பைகளில் கட்டி, வரிசை குறைந்த வேளையில் பாங்கிக்குக் கொண்டு செல்லுங்கள். காசாளர் மறுத்தால் குரலை உயர்த்தாது, மறுப்பை எழுத்தில் தரும்படி கேளுங்கள். எழுதத் தெரியாத பாட்டிமாருடன் சங்கத்து இளைஞர் ஒருவர் துணை செல்லட்டும்.