பேசத் தெரிந்தால்தான் பிழைப்பா?

1968-இல் வெளிவந்த 'பிளானட் ஆஃப் தி ஏப்ஸ்' படத்தில் விண்வெளி வீரன் டெய்லர், குரங்குகள் ஆளும் ஊரில் கூண்டுக்குள் கிடக்கிறான். தொண்டையில் குண்டடி பட்டதால் பேச்சு வரவில்லை. அங்குள்ள மற்ற மனிதர்களோ பேச்சே அறியாதவர்கள். கொரில்லாக்கள் அவர்களை வேட்டையாடிப் பிடிக்கின்றன, சிம்பன்சிகள் ஆராய்கின்றன. ஒருநாள் சிரா என்ற சிம்பன்சி விஞ்ஞானியின் குறிப்பேட்டைப் பறித்து டெய்லர் தன் பெயரை எழுதிக் காட்டுகிறான். பார்க்கும் நமக்கு அப்பாடா என்றிருக்கிறது. சந்தேகப்பட வேண்டியது அந்த நிம்மதியைத்தான்.

டெய்லர் கேட்பதெல்லாம் தனக்கு ஒரு விலக்கு. தான் இந்த மந்தையைச் சேர்ந்தவனல்ல என்கிறான். கூண்டே அநியாயம் என்று அவன் வழக்காடவில்லை. அவனோடு கூண்டில் கிடக்கும், வாய் திறவாத நோவா என்ற பெண்ணுக்காக வாதாட அங்கே எவரும் இல்லை. பரிவே உருவான சிரா கூட, 1971-இல் வந்த இந்த வரிசையின் மூன்றாவது படத்தில், மனிதர்கள் ஆளும் காலத்துக்கு வந்து அவர்களிடம் சிக்கியபோது, மருந்து மயக்கத்தில், தான் மனிதர்களை அறுத்து ஆராய்ந்ததை ஒப்புக்கொள்கிறாள். அவள் கொடியவள் அல்ல, தொழிலில் கெட்டிக்காரி. சங்கடமே அதுதான்.

இது வெறும் கற்பனையும் அல்ல. 1961 ஜனவரி 31 அன்று அமெரிக்கா ஹாம் என்ற சிம்பன்சியை மெர்க்குரி விண்கலத்தில் ஏற்றி அனுப்பியது. விளக்கு எரிந்ததும் நெம்புகோலை அழுத்த வேண்டும். தாமதித்தால் உள்ளங்காலில் மின்னதிர்ச்சி. சிம்பன்சிகள் மீதான ஆய்வுக்கு அந்நாட்டு அரசின் தேசிய சுகாதார அமைப்பு 2015-இல்தான் முடிவு கட்டியது. நல்ல காரியம். ஆனால் சிம்பன்சி தப்பியதும் டெய்லரின் வழியில்தான்: நம்மைப் போல இருக்கிறது என்பதால். எலிக்கு அந்தச் சலுகை கிடையாது.

அந்தப் படத்தின் மூலநாவலை எழுதிய பியர் பூல் மலாயாவின் ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்த பிரெஞ்சுக்காரர். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் போட்ட சயாம் மரண ரயில்பாதையைப் பற்றிய அவருடைய இன்னொரு நாவலில் கதையைச் சுமப்பவர்கள் பிரிட்டிஷ் கைதிகள். அதே பாதையில் மலாயாத் தமிழர்கள் உட்பட ஆசியத் தொழிலாளர்கள் பல்லாயிரக்கணக்கில் மாண்டார்கள். அவர்களுக்குப் பேச்சு இல்லாமலா போனது? கேட்கும் காது எவரிடம் இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

வலியை உணர முடிகிறதா என்பதே கேள்வி என்று தத்துவஞானி பெந்தாம் 1789-இலேயே சொல்லிவிட்டார். சொல்வது எளிது. போலியோ தடுப்பூசிக்கான கிருமி வளர்ந்தது குரங்கின் சிறுநீரகத் திசுவில். 1978-இல் தடை வரும்வரை இந்தியா ரீசஸ் குரங்குகளை ஏற்றுமதி செய்தது. கால் முடங்காமல் தப்பிய பிள்ளைகளை மறந்துவிட்டு இந்த வழக்கைப் பேசுவது நேர்மையாகாது. ஆனால் 'வேறு வழியில்லை' என்பவர் வேறு வழி தேடும் கடனையும் சேர்த்துச் சுமக்கிறார். 'அதற்குப் பேசத் தெரியாது' என்பவருக்கு அந்தச் சுமையே இல்லை.

பேச்சு கூட நிச்சயமான காப்பல்ல. சிராவின் வாக்குமூலத்தைக் கேட்ட மனிதர் குழு, அவள் வயிற்றுப் பிள்ளையைக் கலைக்கவும் அவளுக்கும் கணவனுக்கும் இனிப் பிள்ளையே பிறக்காதபடி செய்யவும் தீர்மானிக்கிறது. அவர்கள் இருவரும் அந்தக் குழுவினரைப் போலவே சரளமாகப் பேசுகிறவர்கள்.