துவக்கும் துப்புரவும்

கருவி குற்றமற்றது, குற்றமெல்லாம் அதனைப் பிடிக்கும் கையினுடையதே என்று ஒரு சாரார் கூறுவர். ஆயுதம் பிறவியிலேயே தீயது, அதனை எவர் தொடினும் தீமையே விளையும் என்று மற்றொரு சாரார் கூறுவர். இவ்விரு கூற்றுகளும் மேடைகளிற் பலமுறை மோதியுள்ளன. எனினும் இரண்டும் ஒன்றை மறந்துவிடுகின்றன. கருவி வானத்திலிருந்து வீழ்ந்த பொருளன்று. எவரோ ஒருவர், வேறு எவருக்காகவோ, ஒரு நோக்கத்தோடு செய்த பொருள் அது. நோக்கம் மாறிய பின்னரும் பழைய நோக்கத்தின் தடம் இரும்பில் எஞ்சி நிற்கின்றது. அத்தடத்தை அறியாது அக்கருவியைக் கையாள்பவன் நல்லவனாயிருப்பது மட்டும் போதுமா? இதுவே நாம் இங்கு ஆராய விரும்பும் வினா.

வினாவை ஆகாயத்தில் விடாது, ஒரு பழைய துவக்கை முன்வைத்தே ஆராய்வோம்.

ஜேர்மானியப் படை 1898ஆம் ஆண்டில் மௌசர் றைபிளை ஏற்றுக்கொண்டது. கையால் முன்தள்ளித் திருப்பிப் பூட்டும் தண்டே அதன் உயிர்நிலை. அத்தண்டின் முன்புறத்தில் இரண்டு பூட்டுப் பற்கள் இருந்தன. தோட்டா வெடிக்கும்போது பின்னோக்கிப் பாயும் விசையை அவையே தாங்கின. தண்டின் பின்புறத்தில் மூன்றாவது பல் ஒன்றும் இருந்தது. வழக்கமாக அது சுமை தாங்குவதில்லை. முன்னவை இரண்டும் முறிந்துபோனால், சுடுபவனின் முகத்தில் தண்டு பாய்ந்துவிடாதிருக்க வைக்கப்பட்ட இறுதிக் காவல் அது.

1914 முதல் 1918 வரை நடந்த போரில் இலட்சக்கணக்கான இளைஞர் இத்துவக்கைச் சுமந்தனர். 1919இல் வெர்சாய் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. ஜேர்மானியப் படை ஓர் இலட்சம் பேருக்கு மேற்படலாகாது என்றும், மிஞ்சிய ஆயுதங்கள் அழிக்கப்படவோ பயனற்றவையாக்கப்படவோ வேண்டும் என்றும் அது விதித்தது. அக்காலத்தில் மௌசரின் உறுப்புகள் பல வேட்டைத் துவக்குகளாக உருமாறின. கெஹா, ரெமோ என்னும் பெயர்களில் அவை குறைந்த விலைக்கு விற்கப்பட்டன. கடல் கடந்து அமெரிக்காவுக்கும் சென்றன.

உருமாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது என்பதிலேயே நமது வினாவின் கரு உள்ளது. வேட்டைத் தோட்டா பருமனானது. அதற்கு இடமளிக்க உட்புறம் குடையப்பட்டது. தண்டின் முன்பற்கள் இரண்டும் அகற்றப்பட்டன. எஞ்சியது பின்புறப் பல் ஒன்றே. வேட்டைத் தோட்டாவின் அழுத்தம் போர்த் தோட்டாவின் அழுத்தத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான். ஆகவே கணக்கு முற்றிலும் பிழையானதன்று. ஆயினும், என்றோ ஒருநாள் ஆபத்தில் உதவுவதற்கென வைத்த காவற்பல், ஒவ்வொரு வெடியிலும் முழுச் சுமையையும் தாங்க நேர்ந்தது. அதுவும் தேய்ந்தால் தடுப்பதற்கு வேறொன்றில்லை. போருக்கு அனுப்பியபோது அரசு தன் வீரனின் முகத்துக்கு மூன்று பற்களைக் காவல் வைத்தது. அதே இரும்பு மலிவு விலையில் எளியவனின் கைக்கு வந்தபோது ஒரு பல்லே காவலாயிற்று. இதனைக் கையின் குற்றம் என்போமா, கருவியின் குற்றம் என்போமா?

இனி, இத்தகைய பழைய துவக்கொன்றைத் துப்புரவு செய்ய அமர்ந்திருக்கும் கம்மியனைக் கவனிப்போம். அவனது முதற் செயல் துவக்கு வெறுமையானதா என்று பார்ப்பது. நேற்றே வெறுமையாக்கினோம் என்னும் நினைவு அவனுக்குச் சான்றாகாது. தண்டைப் பின்னிழுத்து, தோட்டா அறையைக் கண்ணாற் பார்த்து, விரலாலும் தடவிய பின்னரே அவன் நம்புவான். அடுத்து குழலினூடே வெளிச்சத்தைப் பார்ப்பான். உள்ளே சிக்கிய ஒரு துணித்துண்டு, ஒரு குளவிக்கூடு போதும், குழல் வெடித்துச் சிதற.

விசையை அழுத்தியும் தோட்டா வெடிக்கவில்லை என்றால் உடனே திறக்கலாகாது. வெடி தாமதித்தும் நிகழக்கூடும். குழலின் வாயை ஆபத்தற்ற திசையிற் பிடித்தபடி ஒரு நிமிடமளவு காத்திருத்தல் வேண்டும். பின்னரே காரணத்தைத் தேடலாம். பல ஆண்டுகளின் எண்ணெய் பிசினாக இறுகி ஊசியின் வேகத்தைத் தடுத்திருக்கலாம், சுருள்வில் தளர்ந்திருக்கலாம், ஊசியின் முனை தேய்ந்திருக்கலாம். வெடித்த தோட்டா வெளிவர மறுத்தால், அறையில் துரு ஏறியிருக்கலாம், இழுக்கும் கொக்கி மழுங்கியிருக்கலாம். காரணத்தைக் காணுமுன் சுத்தியலை எடுப்பவன் கம்மியனல்லன்.

இரண்டு நுட்பங்கள் நமது சிந்தனைக்குச் சிறப்பாக உரியவை. பழைய தோட்டாக்களின் வெடிப்பொட்டில் பொட்டாசியம் குளோரேற்று இருந்தது. வெடித்தபின் அது ஒருவகை உப்பாகிக் குழலிற் படிந்து, காற்றின் ஈரத்தை உறிஞ்சி இரும்பை அரித்தது. எண்ணெய் அவ்வுப்பைக் கரைப்பதில்லை, கொதிநீரே கரைக்கும். எண்ணெயை மட்டும் பூசி வைத்தவனின் துவக்கு மேலே பளபளத்து உள்ளே அழிந்தது. மற்றொன்று தோட்டாவின் நீளம். பழைய ஜேர்மானியத் துவக்குகள் பலவற்றின் அறை 65 மில்லிமீற்றர் தோட்டாவுக்கானது. இன்றைய தோட்டாக்களிற் பெரும்பாலானவை 70 மில்லிமீற்றர். ஆயினும் அந்த 70 வெடித்து விரிந்தபின் உள்ள நீளம். வாய் மடித்திருக்கும் வரை தோட்டா குறுகியதே. ஆகையால் அது தடையின்றி உள்ளே நுழைந்துவிடும். வெடிக்கும்போதுதான் அதன் வாய் விரிய இடமின்றி அழுத்தம் ஏறும். நுழைவதெல்லாம் பொருந்துவதாகாது.

இப்போது கம்மியன் வேலையை முடித்துவிட்டான் என்று கொள்வோம். துரு போயிற்று; தண்டு வழுவழுப்பாக ஓடுகின்றது; ஊசி கூர்மையாக அடிக்கின்றது. துவக்கு நல்லதாகிவிட்டதா? இல்லை. அகற்றிய பற்கள் மீண்டும் முளைக்கவில்லை. முன்பு அதன் தோற்றமே எடுப்பவனை அஞ்சவைத்தது. இப்போது அதன் பளபளப்பு அவனை நம்பவைக்கின்றது. துரு ஓர் எச்சரிக்கை. துருவை அகற்றியவன் அவ்வெச்சரிக்கையைத் தன் வாயாற் சொல்லக் கடமைப்பட்டவன். ‘இது சுவரில் தொங்குவதற்கே உரியது, சுடுவதற்கன்று’ என்று சொல்லாமற் கூலியைப் பெற்றுக்கொள்வானாயின், அவன் கை எவ்வளவு திறமையுடையதாயினும் அது நேர்மையான கையன்று.

இங்கு ஒரு மறுப்பு எழும். பன்றியிடமிருந்து பயிரைக் காக்க இரவெல்லாம் விழித்திருக்கும் குடியானவனுக்கு, அவன் வன்னியில் இருந்தாலென்ன, வேறெந்த நாட்டில் இருந்தாலென்ன, இத்தகைய பழந்துவக்கு ஒன்றே கிடைக்குமாயின் அவன் என் செய்வான்? கம்மியனின் உண்மை அவன் பயிரைக் காக்குமா? இம்மறுப்பு நியாயமானது. அதனை நாம் தட்டிக்கழிக்க முடியாது. ஆயின் இது கம்மியன் மௌனமாயிருக்க வேண்டும் என்பதற்குச் சான்றாகாது. எளியவனுக்கு எஞ்சியவற்றுள் ஒன்றை மட்டுமே விட்டுவைக்கும் சமுதாய அமைப்புக்கு எதிரான குற்றச்சாட்டு அது. உண்மை கூறுவது கம்மியனின் கடமை. அவ்வுண்மையைக் கேட்ட பின்னரும் குடியானவனுக்கு வேறு வழியில்லாத நிலையை மாற்றுவது நம் அனைவரதும் கடமை.

வாளைக் கலப்பைக் கொழுவாக அடிக்கும் கனவு ஏசாயா தீர்க்கதரிசியின் காலம் தொட்டு மனித குலத்தோடு வருகின்றது. சோவியத் சிற்பி வுச்செட்டிச் அதனை வெண்கலத்தில் வடித்தார். 1959இல் ஐக்கிய நாடுகள் சபைக்கு அளிக்கப்பட்ட அச்சிலை இன்றும் நியூயோர்க்கில் நிற்கின்றது. அதில் ஒரு மனிதன் சம்மட்டியை ஓங்கி வாளையே வளைக்கின்றான். பெயரை மாற்றவில்லை, வடிவத்தையே மாற்றுகின்றான். கெஹாவோ அவ்வாறு உலையிற் புகுந்து மீண்டதன்று, வெட்டிச் சுருக்கப்பட்டது. 1919இன் சமாதானமும் அத்தகையதாகவே இருந்தது. ஆயுதங்களை அது எண்ணிக் குறைத்தது. போரைப் பிறப்பித்த அமைப்பைத் தொடவில்லை. இருபது ஆண்டுகளில் மீண்டும் உலகப் போர் மூண்டது.

இது துவக்கோடு முடியும் செய்தியன்று. நம் நாட்டின் தண்டனைச் சட்டக்கோவை 1883இல் ஆங்கில ஆட்சியாளர் வகுத்தது. இன்றும் அதனையே திருத்தித் திருத்தி ஆள்கிறோம். கல்விக்கூடமும் கச்சேரியும் நமக்கு வந்த வழி அதுவே. இவற்றை எறிந்துவிட வேண்டும் என்று நாம் கூறவில்லை. எவருக்காகச் செய்யப்பட்டன, மாற்றியபோது எந்தப் பல் அகற்றப்பட்டது, எஞ்சிய சுமை இன்று எவர் முகத்துக்கு நேரே நிற்கின்றது என்று கேட்கவேண்டும் என்றே கூறுகிறோம். மேலே பூசும் எண்ணெய் நம்மிடம் ஏராளமாக உண்டு. உப்பைக் கரைக்கும் கொதிநீரே வேண்டற்பாலது.