மார்கழி முடிந்த பின்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

மார்கழி முப்பது நாளும் விடியுமுன் எழுந்து நீராடித் திருப்பாவை ஸேவித்த இல்லங்கள் பலவற்றில், தை பிறந்த சில நாள்களிலேயே அந்த எழுச்சி ஓய்ந்துவிடுவதைக் காண்கிறோம். பக்தி குறைந்தமையால் இது நேர்வதன்று. மாதத்தோடு முடிவதாக ஏற்ற நோன்பை, மாதம் முடிந்ததும் மனம் இறக்கி வைத்துவிடுகிறது. நித்யாநுஸந்தானம் என்கிறோமே, அந்த ‘நித்யம்’ நம் இல்லத்தில் நிலைபெறுவது எவ்வாறு?

ஸ்ரீகீதையின் 12-ஆம் அத்யாயத்தில் கண்ணன் அர்ஜுனனுக்காகப் படிப்படியாக இறங்கி வருகிறான். நெஞ்சை என்னிடமே நிலைநிறுத்து என்கிறான். அது இயலாதாகில் அப்யாஸத்தால் என்னை அடைய விரும்பு என்கிறான். அதற்கும் சக்தி இல்லையேல் எனக்கான கர்மங்களைச் செய் என்கிறான். அந்தக் கர்மங்கள் எவை என்பதை எம்பெருமானார் தம் பாஷ்யத்தில் விரித்தருளுகிறார்: ஆலயம் எடுப்பது, நந்தவனம் அமைப்பது, திருவிளக்கேற்றுவது, பெருக்குவது, நீர் தெளிப்பது, மெழுகுவது, பூப்பறிப்பது, பூஜிப்பது, திருநாமம் சொல்வது, வலம் வருவது, வணங்குவது, துதிப்பது முதலானவை.

ஆலயம் எடுப்பதும் துடைப்பம் எடுப்பதும் ஒரே தொடரில் அமைந்திருப்பதை அன்பர்கள் நோக்க வேணும். முன்னது சிலருக்கே வாய்க்கும். ஏனையவற்றுள் பலவற்றை வீட்டுக் குழந்தையும் செய்யலாம். மிகுந்த ப்ரீதியோடு இவற்றைச் செய்து வந்தால், அவ்வழியே அப்யாஸமும், விரைவில் எம்பெருமானிடத்தில் நெஞ்சின் நிலைபேறும் ஸித்திக்கும் என்பது பாஷ்யத்தின் திருவுள்ளம். ‘மனம் பக்குவப்படட்டும், பிறகு தொடங்கலாம்’ என்று காத்திருப்பார்க்கு இதுவே மறுமொழி. எம்பெருமானார் தாமும், இளையாழ்வாராய்க் காஞ்சியில் எழுந்தருளியிருந்த காலத்தில், திருக்கச்சி நம்பிகள் காட்டிய வழியே சாலைக் கிணற்றிலிருந்து தேவப்பெருமாளுக்கு நாள்தோறும் தீர்த்தம் சுமந்தாரன்றோ!

ஆகவே தொடக்கம் சிறிதாயிருக்கட்டும். நாளுக்கு ஒரு பாசுரம் போதும். சந்தை முறையில் ஆசார்யர் ஒருமுறை சொல்ல, சிஷ்யர் இருமுறை சொல்வதுபோல, அடியடியாகச் சொல்லிக் கற்கலாம். அருகில் சொல்லித்தருவார் இல்லாத தேசங்களில் உள்ளோர்க்குக் கைபேசியில் ஒலிப்பதிவு உண்டு. தை முதல் நாள் திருப்பல்லாண்டில் தொடங்கினால் அது 12 நாள், திருப்பள்ளியெழுச்சி 10, அமலனாதிபிரான் 10, கண்ணிநுண்சிறுத்தாம்பு 11. ஆக 43 நாள். மாசி நடுவிற்குள் நான்கு ப்ரபந்தங்கள் நெஞ்சில் ஏறிவிடும். வங்கியில் கணக்கெழுதிப் பழகிய கை அடியேனுடையது. விடவில்லை, மேலும் கணக்கிட்டது. திருவாய்மொழியின் 1102 பாசுரங்களுக்கு இந்த அளவில் மூன்றாண்டும் சில நாள்களுமே ஆகின்றன.

இதைக் கடிகார மணியோடு கட்டுவதைவிட, முன்பே விடாமல் செய்துவரும் ஒன்றோடு கட்டுவது நன்று. திருமண்காப்பு சாற்றிக்கொண்டவுடன் பாசுரம் என்று வைத்துக்கொண்டால், அலுவல் நேரம் மாறினாலும் பயணத்திலும் அது உடன்வரும். உத்ஸாஹம் பெருகும் நாளில் ஐந்து பாசுரம் கற்கலாம், தடையில்லை. ஆனால் மறுநாளும் ஐந்து என்று அளவை உயர்த்திவிட வேண்டா. பல நியமங்கள் முறிவது இந்த இடத்தில்தான்.

ஒருநாள் தவறினால்? தொடர் வைப்புக் கணக்கில் தவணை தவறினால் அபராதம் உண்டு. அந்தக் கணக்கைப் பெருமாள் ஸந்நிதிக்கும் கொண்டுவந்து, இன்று விட்டதை நாளை இரட்டிப்பது, அதுவும் தவறினால் நான்காக்குவது, கடைசியில் கணக்கையே மூடிவிடுவது என்று முடிப்பார் உண்டு. ப்ரபந்நனுக்கு எம்பெருமானே உபாயம். பாசுரம் ஸேவிப்பது அவனுக்குச் செய்யும் கைங்கர்யம். பேற்றுக்காக நாம் கட்டும் விலையன்று. விலையாயிருந்தாலன்றோ நிலுவை ஏறும்? இப்படிச் சொன்னால் சோம்பலுக்கு இடமாகாதோ என்று கேட்கலாம். ஆகாது. கைங்கர்யம் இழந்த நாளின் குறை தாஸனுடைய நெஞ்சை உறுத்தும்; அந்த உறுத்தலே மறுநாள் அவனை எழுப்பும். எழுந்தவன் அடுத்த பாசுரம் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வான். ஜுரத்தில் எழவே இயலாத நாளில், படுத்தபடியே த்வயத்தை ஒருமுறை நெஞ்சால் அநுஸந்தித்தாலும் அன்றைய நாள் வெறுமனே கழியாது.

அடியேன் ராமாநுஜ தாஸன்