எதிரணியில் நிற்பவளை நேசிக்கலாமா?

காவிரியின் இக்கரையில் ஒரு பள்ளி. அக்கரையில், நாமக்கல் மாவட்டத்து மண்ணில், மற்றொரு பள்ளி. இரண்டிலும் மாணவியர் கால்பந்து அணி உண்டு. இரண்டு அணிகளுக்கும் பயிற்சி தருவோர் பெண்கள். இரு பள்ளிகளும் மோதும் நாளில், கோட்டுக்கு வெளியே இருவரும் எதிரெதிரே நின்று, தொண்டை வறளக் கூவித் தத்தம் அணியை ஏவுகின்றனர். ஒருத்தி வென்றால் மற்றவள் தோற்றாக வேண்டும். அந்த இருவரும் ஒருவரையொருவர் காதலிக்கின்றனர் என்று ஒருநாள் ஊருக்குத் தெரியவருகிறது!

கற்பனைதான் தோழர்களே! கொடுமுடியில் இப்படி நடந்ததாகக் கதைகட்டும் எண்ணம் நமக்கில்லை. ஆனால், நடந்தால் ஊர் என்ன சொல்லும் என்பதை அறியக் கற்பனை தேவையில்லை. திண்ணைகள் வழக்குமன்றங்களாகும். டீக்கடைப் பெஞ்சுகள் தீர்ப்பு எழுதும். குற்றச்சாட்டுகள் இரண்டு: பெண்ணைப் பெண் காதலித்தாள் என்பது ஒன்று, எதிரணிக்காரியைக் காதலித்தாள் என்பது மற்றொன்று. முதற்குற்றத்தின் ஆரவாரத்தில் இரண்டாவது அமுங்கிப் போகும். எனினும் அந்த இரண்டாவதை நாம் முதலில் எடுத்துக்கொள்வோம். அதிலேதான் அறநூலார் ஆராயத்தக்க கேள்வி ஒன்று உண்மையாகவே இருக்கிறது. ஓர் அணியின் வெற்றிக்குப் பொறுப்பேற்றவள், அவ்வணியைத் தோற்கடிக்கத் துடிப்பவளை நேசிப்பது துரோகம் ஆகுமா?

ஆகும் என்போர் ஐரோப்பாவுக்கு ஒருமுறை கண்ணோட்டம் செலுத்தட்டும். பெர்னில் ஹார்டர் டென்மார்க்கின் தலைசிறந்த ஆட்டக்காரி. மக்டலேனா எரிக்சன் சுவீடன் நாட்டவர். இருவரும் காதலர்கள் என்பதை உலகம் அறியும். 2018-ஆம் ஆண்டில் ஐரோப்பியச் சாம்பியன் கோப்பையின் அரையிறுதியில், ஹார்டர் ஆடிய ஜெர்மானிய அணியான வொல்ஃப்ஸ்பர்க்கும், எரிக்சன் சேர்ந்திருந்த இலண்டன் அணியான செல்சியும் மோதின. வென்றது வொல்ஃப்ஸ்பர்க். காதலியின் அணி என்று கருதி ஹார்டரின் கால் தயங்கியதா? இல்லையே! அடுத்த ஆண்டு உலகக்கோப்பை வந்தது. தகுதிச் சுற்றில் டென்மார்க்கும் சுவீடனும் ஒரே பிரிவில் இருந்தன. சுவீடன் தகுதி பெற்றது, டென்மார்க் பெறவில்லை. அவ்வாறு வாய்ப்பிழந்த டென்மார்க்கின் வீராங்கனை, 2019 ஜூன் மாதம் பாரிசு நகரத்துப் பார்வையாளர் வரிசையில் சுவீடன் சட்டையை அணிந்து அமர்ந்திருந்தார். கனடாவைச் சுவீடன் வென்றதும், எரிக்சன் ஓடிவந்து அவரை முத்தமிட்டார். அந்தப் படம் நாடு நாடாகப் பறந்தது. டென்மார்க் மக்கள் அவரைத் துரோகி என்று தூற்றவில்லை. தங்கள் அணியின் தலைவியாகவே அதன்பின்னும் அவர் ஆடக் கண்டனர்.

அது மேல்நாடு என்பீர்களா? சரி, காதலை விடுவோம், உடன்பிறப்பை எடுப்போம். வீனஸ், செரீனா என்னும் அக்காளும் தங்கையும் டென்னிசின் மாபெரும் போட்டிகளின் இறுதி ஆட்டத்தில் 9 முறை எதிரெதிர் நின்றனர். 7 முறை வென்றவள் தங்கை. 2016-ல் சுவிட்சர்லாந்துக்காக ஒரு சாக்காவும், அல்பேனியாவுக்காக அவருடைய உடன்பிறந்த இன்னொரு சாக்காவும் ஐரோப்பியக் கால்பந்துப் போட்டியில் மோதியபோது, பெற்றவள் இரு நாட்டுச் சின்னங்களையும் பாதிப்பாதியாகத் தாங்கிய சட்டையோடு உட்கார்ந்திருந்தாள். தாயே, நீ எந்தப் பக்கம் என்று எவரும் அதட்டவில்லை. அவ்வளவு தொலைவு போவானேன்? ரேக்ளா ஓட்டத்தில் மாமனும் மச்சானும் காளைகளை எதிரெதிரே விரட்டிவிட்டு, மாலையில் ஒரே பந்தியில் உண்பது கொங்கு நாட்டுக்குப் புதிதா?

விளையாட்டில் எதிரி என்பவர் பகைவர் அல்லர். பகைவன் ஒழிந்தால் போர் முடிந்தது என்று மகிழ்கிறோம். எதிரணி வரவில்லை என்றாலோ ஆட்டமே இல்லை, வெற்றியும் இல்லை. நம் ஆற்றலை முழுதும் வெளிக்கொணரும் உதவியைச் செய்பவள் எதிரே நிற்பவள்தான். அவளுடைய திறமையை உலகில் எவரினும் நன்கு அறிந்தவள், அவளை வெல்ல ஆண்டு முழுவதும் அவள் ஆட்டத்தை உற்றுநோக்கிய மற்றவள். அத்தகைய மதிப்பிலிருந்து காதல் பிறப்பதில் வியப்பென்ன? ஜாதகக் கட்டத்தைப் பார்த்து, நகையின் எடையைப் பார்த்துக் கூட்டிவைக்கப்படும் இணைகளைக் காட்டிலும், ஒருவர் உழைப்பை மற்றவர் கண்டு மதித்துச் சேரும் இணை எவ்வகையில் தாழ்ந்தது?

ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. மாவட்ட அணிக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் குழுவில் ஒருத்தி அமர்ந்து, மற்றவளுடைய மாணவியரைப் பற்றி முடிவு கூற வேண்டிய நிலை வரலாம். அப்போது உறவைச் சொல்லி ஒதுங்கி நிற்பதே நேர்மை. தன் மகன் போட்டியிடும்போது தந்தை நடுவராக இருக்கக் கூடாது என்னும் அதே விதிதான். கூடுதலாக ஒரு முழமும் வேண்டாம், குறைவாக ஒரு விரற்கடையும் வேண்டாம். இதிலும் ஒரு வேடிக்கை உண்டு. உறவைச் சொன்னால் வேலை போகும் என்ற அச்சத்தில் ஊர் அவர்களை வாயடைத்து வைத்துவிட்டு, பிறகு அவர்கள் மறைத்தார்கள் என்று குற்றம் சாட்டுவது எந்த ஊர் நீதி?

வேலை போகும் என்பது வீண் அச்சமும் அன்று. 1987-ஆம் ஆண்டில் மத்தியப் பிரதேசத்துக் காவல் படையில் பணியாற்றிய இரு பெண்கள் மாலை மாற்றித் தம்மை இணையராக அறிவித்துக்கொண்டனர். அவர்கள் திருடவில்லை, கையூட்டு வாங்கவில்லை. ஆயினும் படையிலிருந்து நீக்கப்பட்டனர். ஒடிசாவின் சாகா கோபால்பூர் என்னும் சிற்றூரில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்த டூட்டி சந்த், 2018 ஆசிய விளையாட்டில் இரு வெள்ளிப் பதக்கங்கள் வென்றவர். தம் ஊர்ப் பெண் ஒருவரையே தாம் நேசிப்பதாக 2019 மே மாதம் அவர் அறிவித்தார். பதக்கத்தோடு வந்தபோது தோளில் தூக்கிய உறவு, இதைக் கேட்டதும் முகம் திருப்பிக்கொண்டது. அடுத்த சூலையில் இத்தாலியில் நடந்த உலகப் பல்கலைக்கழக விளையாட்டில் 100 மீட்டரை 11.32 நொடியில் ஓடித் தங்கம் வென்றார் அவர். ஓடிய கால்கள் அதே கால்கள்தாம்.

இனி முதற்குற்றத்துக்கு வருவோம். "இயற்கைக்கு மாறானது" என்கிறார்கள். இயற்கையை நேரில் போய்க் கேட்டவர்கள் இருக்கிறார்கள். ஹவாய்த் தீவின் ஒரு முனையில் கூடுகட்டும் ஆல்பட்ராஸ் என்னும் கடற்பறவைகளை ஆராய்ந்தோர், ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இணைகள் இரு பெண்பறவைகளால் ஆனவை என்று 2008-ல் வெளியிட்டனர். முட்டையை மாறிமாறி அடைகாத்துக் குஞ்சும் வளர்க்கின்றனவாம்! ஆயினும் பறவையைச் சான்றுக்கு அழைத்து வழக்கை முடித்துவிட நாம் விரும்பவில்லை. பெரியம்மையும் இயற்கைதான், அதைத் தடுத்த ஊசி செயற்கை. இயற்கை எது என்பது ஒரு கேள்வி. தக்கது எது என்பது வேறு கேள்வி. இரண்டாவதற்கு விடை காணும் அளவுகோல் ஒன்றே: இதனால் யாருக்குத் தீங்கு? இருவர் மனமொத்து வாழ்வதால் மூன்றாமவர் வீட்டு அடுப்பு அணைகிறதா? நோய் என்று சொல்லிப் பார்த்தவர்களுக்கு மருத்துவ உலகமே மறுமொழி தந்துவிட்டது. 1990-லேயே உலகச் சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலிலிருந்து இதை நீக்கியது.

"மேல்நாட்டுச் சரக்கு" என்பது அடுத்த கணை. கப்பலேறி வந்தது காதல் அன்று. அதைத் தண்டித்த சட்டம்! ஆங்கிலேயர் 1860-ல் இயற்றிய தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவு, அவர்கள் மூட்டை கட்டிப் போனபின்னும் எழுபது ஆண்டுகள் இங்கே குந்தியிருந்தது. மனமொத்த வயதுவந்தோரை அது தீண்டாது என்று 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கால்பந்தும் அதே கப்பலில் வந்ததுதான். அதை மட்டும் நம்முடையது என்று கொண்டாடுகிறோம். 2018-லும் 2023-லும் தமிழ்நாட்டுப் பெண்கள் தேசியக் கோப்பையை வென்றபோது மார்தட்டினோம். நம் கொடுமுடிக்கே புகழ் சேர்த்த சுந்தராம்பாள், 1935-ல் வெளிவந்த படத்தில் நந்தனாராக ஆண் வேடம் பூண்டு நடித்தார். பெண் ஆணாக நின்றதைக் கண்டு பண்பாடு இடிந்து விழவில்லை!

ஆரவாரமற்ற கேள்வி ஒன்று மிஞ்சுகிறது. அதை எழுப்புவோர் கயவர் அல்லர், பெண்ணைப் பெற்றவர்கள். "ஏனுங்க, அப்படிப்பட்டவங்க கையில நம்ம புள்ளைங்கள ஒப்படைக்கலாமுங்களா?" என்று தாழ்ந்த குரலில் கேட்கிறார்கள். ஆசிரியத் தொழிலில் இருக்கும் நாம் இதற்கு விடை சொல்லக் கடமைப்பட்டவர்கள். அவர்களை நோக்கிப் பணிவோடு கேட்கிறோம்: இத்தனை ஆண்டுகளாகப் பெண்கள் அணிக்கு ஆண் பயிற்சியாளர் வந்தபோது, அவர் யாரைக் காதலிக்கிறார் என்று விசாரித்தீர்களா? அவர் நடத்தையைத்தானே பார்த்தீர்கள்? குழந்தைகளைக் காக்க 2012-ல் வந்த போக்சோ சட்டமும் நடத்தையைத்தான் பார்க்கிறது. தவறு செய்தவர் ஆணா பெண்ணா என்று அது கேட்பதில்லை. மாணவியரிடம் எல்லை மீறுபவர் எவராயினும் அவரைப் பள்ளி வாயிலுக்கு வெளியே நிறுத்துங்கள். நாமும் உடன் வருகிறோம். தன் வயதொத்த, தன் நிலையொத்த இன்னொருத்தியை நேசிப்பவளை அந்தப் பட்டியலில் சேர்ப்பது எவ்வாறு பொருந்தும்?

பெற்றோரைப் பற்றிப் பேசும்போது நம் ஊரின் இன்னொரு காட்சியைச் சொல்லாமல் விட முடியவில்லை. திருமணத் தடை நீங்கப் பரிகாரம் செய்ய வெளியூர்களிலிருந்து குடும்பம் குடும்பமாகக் கொடுமுடிக்கு வருகிறார்கள். காவிரியில் முழுக்காட்டி, நாகர் சிலைமுன் நிறுத்தி, இராகு கேதுவின் கோபத்தைத் தணிக்கிறார்கள். ஈரப்புடைவையோடு நடுங்கி நிற்கும் அந்தப் பெண்களை நாம் எத்தனையோ முறை பார்த்திருக்கிறோம். அவர்களில் எத்தனை பேருக்கு மாப்பிள்ளை அமையாதது தடை, எத்தனை பேருக்கு அமைந்துவிடுவதே தடை என்பதை எந்தச் சோதிடர் கேட்டார்? அப்பெண்களுள் ஒருத்தியின் நெஞ்சில் இன்னொரு பெண் இருப்பாளாயின், அவள் அதை யாரிடம் சொல்வாள்? பெற்றவரிடம் சொன்னால் மருத்துவரிடமோ மந்திரவாதியிடமோ கொண்டுபோவார்கள். மருத்துவரேனும் இனி மாற்ற முயலக் கூடாது. மதுரையிலிருந்து சென்னைக்கு ஓடிவந்து அடைக்கலம் தேடிய இரு பெண்களின் வழக்கில், 2021 சூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அத்தகைய "சிகிச்சை"களைத் தடைசெய்தது. அவ்வழக்கை விசாரித்த நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இதைப் புரிந்துகொள்ளத் தாமே ஓர் உளவியலாளரிடம் பாடம் கேட்ட பின்னரே தீர்ப்பு எழுதினார். உயர் நீதிமன்ற நீதிபதி மாணவராய் அமர்ந்தார்! நம் ஊர்த் திண்ணை நீதிபதிகளோ படிக்காமலே பட்டம் பெற்றவர்கள்.

சட்டம் இன்று நிற்கும் இடம் விந்தையானது. சேர்ந்து வாழ்வது குற்றமன்று. மணமென்று பதிவுசெய்ய வழியில்லை. 2023 அக்டோபர் 17 அன்று உச்ச நீதிமன்றம், மண உரிமையைச் சட்டமன்றங்கள்தாம் தர வேண்டும் என்று கூறிவிட்டது. 2025 மே மாதம், வீட்டில் அடைத்துவைக்கப்பட்ட ஒரு பெண்ணை விடுவித்த சென்னை உயர் நீதிமன்றம், குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றே வழியன்று என்றது. 2024-ல் இணைந்து வங்கிக் கணக்கு தொடங்கத் தடையில்லை என்று ஒன்றிய அரசு விளக்கமளித்தது. ரேஷன் அட்டையில் ஒரே குடும்பமாகக் கொள்ளவும் மாநிலங்களுக்கு எழுதியது. அரிசி வாங்க அவர்கள் ஒரு குடும்பம்; பதிவாளர் மேசைமுன் போனால் இரு அயலார்!

தமிழ்நாட்டுக்கு இந்த நிலை பழக்கமானதே. புரோகிதரின்றி மணந்தவர்களை, உங்கள் மணம் செல்லாது என்று 1950-களில் இதே சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருந்தது. அவர்கள் கலைந்து போகவில்லை. சட்டம் வருமுன்பே வாழ்ந்துகாட்டினர், பிள்ளைகளை வளர்த்தனர், பழிச்சொல்லையும் தாங்கினர். அண்ணாவின் அரசு 1967-ல் கொண்டுவந்த திருத்தம், இனி நடப்பவற்றை மட்டுமன்றி, முன்பே நடந்துமுடிந்த சுயமரியாதைத் திருமணங்களையும் செல்லும் என்று ஏற்றுக்கொண்டது. முதுமையடைந்திருந்த சில இணையர், அன்றுதான் சட்டத்தின் கண்ணில் கணவன் மனைவி ஆயினர்.