இயற்கை என்பது சான்றாகுமா?

நீலகிரித் தைலம், கற்பூரம், லாவண்டர், டீ ட்ரீ போன்ற வாசனைத் தைலங்களை வீட்டில் புழங்குவோர் அவை தீங்கற்றவை என்பதற்குச் சொல்லும் முதல் காரணம், அவை செடியிலிருந்து வந்தவை என்பதுதான். இந்தக் காரணம் நிற்குமா என்பது தத்துவத்தில் பழைய கேள்வி. ஜான் ஸ்டூவர்ட் மில் இறந்த மறு ஆண்டு, 1874-ல் வெளியான ‘இயற்கை’ என்ற அவருடைய கட்டுரை இதை நேராகவே எடுத்துக்கொள்கிறது. உலகில் நடப்பதெல்லாம் இயற்கை என்றால் புயலும் பாம்பின் நஞ்சும் அதில் அடங்கும். மனிதக் கைபடாதது மட்டுமே இயற்கை என்றால் சோறு சமைப்பதுகூட அதற்கு விரோதம். எப்படிப் பொருள் கொண்டாலும் இயற்கையானது என்பதிலிருந்து நல்லது என்ற முடிவு பிறக்காது என்பது அவர் வாதம்.

சித்த மருத்துவ மரபுக்கு இந்த மயக்கம் இருந்ததில்லை. சேங்கொட்டையும் எட்டிக்கொட்டையும் அதில் மருந்து. ஆனால் நச்சுத்தன்மை நீங்க முறையாகச் சுத்தி செய்த பிறகுதான் மருந்து. நஞ்சுப் பொருள்களான பாஷாணங்களை 64 என்று எண்ணி, அவற்றில் 32-ஐப் பிறவிப் பாஷாணம், அதாவது இயற்கையில் கிடைப்பவை என்றே வகுத்த மரபு அது. ‘மூலிகைதானே, ஒன்றும் செய்யாது’ என்ற பேச்சை விளம்பரங்கள்தான் பழக்கியிருக்க வேண்டும்.

செடி இந்தத் தைலத்தை மனிதனுக்காகச் சுரப்பதில்லை. பூச்சியையும் பூஞ்சையையும் மேய வரும் விலங்கையும் விரட்டவே அது பெரிதும் உதவுகிறது. ஆஸ்திரேலியாவிலிருந்து 19-ஆம் நூற்றாண்டில் நீலகிரிக்கு வந்த யூகலிப்டஸ் மரத்தின் இலையைப் பெரும்பாலான விலங்குகள் தொடுவதில்லை. கோலா அதையே உணவாகக் கொள்கிறது, அதன் கல்லீரல் அதற்கேற்ப அமைந்திருப்பதால். ஆகவே நஞ்சு என்பது ஒரு பொருளுக்குள் மட்டும் குடியிருக்கும் குணமன்று. பொருள், அதன் அளவு, அதை ஏற்கும் உடல் ஆகிய மூன்றும் சேரும்போது உண்டாவது அது. ‘அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு’ என்ற பழமொழி இவற்றில் அளவைச் சொல்லிவிட்டது, உடலைச் சொல்லவில்லை.

உடல் வேறுபடுவதைப் பூனையிடம் தெளிவாகக் காணலாம். தைலங்களில் உள்ள பீனால் போன்ற பொருள்களை மனிதக் கல்லீரல் குளுக்குரானிக் அமிலத்தோடு இணைத்துச் சிறுநீரில் வெளியேற்றுகிறது. பூனைக்கு இந்த வழி மிகக் குறைவு. போதாததற்கு, மயிரில் படிந்ததையெல்லாம் அது நக்கியே சுத்தம் செய்யும். உண்ணிக்காக நாயின் முதுகில் டீ ட்ரீ எண்ணெயை நீர்க்காமல் தடவினால், சில மணி நேரத்தில் அது தள்ளாடவும் நடுங்கவும் கூடும். கூண்டுப் பறவைக்கு நுரையீரல் இன்னும் நுட்பமானது. கூண்டை விட்டு விலகிப் போகவும் அதனால் முடியாது.

குழந்தையின் உடலும் பெரியவர் உடலின் சிறிய பிரதி இல்லை. ஒரு தேக்கரண்டி நீலகிரித் தைலம் குழந்தையின் வயிற்றுக்குள் போனால் மயக்கமும் வலிப்பும் வரலாம். பூஜைக் கற்பூரம் பார்வைக்குக் கற்கண்டு போலிருப்பதால் வாய்க்குள் போய்விடுகிறது. விழுங்கிய சில நிமிடங்களிலேயே வலிப்பு தொடங்கக்கூடும். அமெரிக்காவில் 1980-களிலிருந்து கடைகளில் விற்கும் தடவு மருந்துகளில் கற்பூரம் 11 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பூஜைக் கட்டி ஏறக்குறைய முழுவதும் கற்பூரமே. ஊட்டிக் கடைகளில் மூட்டுவலிக்கென விற்கும் வின்டர்கிரீன் தைலத்தில் ஒரு தேக்கரண்டி, இருபதுக்கும் மேற்பட்ட ஆஸ்பிரின் மாத்திரைகளுக்குச் சமம்.

இத்தகைய தீங்குகளில் பெரும்பாலும் கெட்ட எண்ணம் இருப்பதில்லை. சளிபிடித்த கைக்குழந்தையின் மூக்கருகே தைலம் தடவும் கையில் இருப்பது பாசம்தான். ஆனால் அந்தக் கடும் நெடி இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையின் மூச்சுக்குழலை இறுக்கிவிடலாம். நல்லெண்ணத்தால் விளைந்த தீங்கு இம்சையாகுமா? பௌத்தம் வினையின் எடையை முதன்மையாக எண்ணத்தில் வைக்கிறது. சமண அறிஞர் உமாஸ்வாதியின் தத்துவார்த்த சூத்திரமோ கவனமின்மையால் உயிருக்கு ஊறு செய்வதையே இம்சை என்று வரையறுக்கிறது. வீட்டுச் சூழலுக்கு இரண்டாவது அளவுகோலே பொருந்துகிறது. மருந்துப் பெட்டியைத் திறப்பவரிடம் பாசம் இருக்கிறதா என்று சோதிக்க வேண்டிய தேவை ஏறக்குறைய எழுவதேயில்லை. சமணத் துறவிக்கு விதிக்கப்பட்ட ஐந்து சமிதிகளில், அதாவது கவன ஒழுக்கங்களில், ஒன்று, பொருளை எடுப்பதிலும் வைப்பதிலும் கவனம். பாதை பார்த்து நடப்பதற்கு இணையாக இதையும் தனி நோன்பாக வைத்தவர்கள், தவறி நடப்பவை எங்கே நடக்கின்றன என்பதை அறிந்திருந்தார்கள்.

இன்னொரு சிக்கல் சம்மதம். தன் தோலில் தடவிக்கொள்வது தன் பாடு. தைலத்தைக் காற்றில் பரப்பும் டிஃப்யூசரை இயக்குபவரோ அறையில் உள்ள எல்லாருக்கும் சேர்த்து முடிவெடுக்கிறார். அவர்களில் ஆஸ்துமாக்காரர் இருக்கலாம், பேசத் தெரியாத குழந்தை இருக்கலாம், மனிதனைவிடப் பல மடங்கு கூரிய மூக்குள்ள நாய் இருக்கலாம். மறுப்புச் சொல்ல வாயில்லாதவர் மௌனத்தைச் சம்மதமாகக் கொள்ள நியாயமில்லை. அதற்கு ஈடாகச் செய்யக்கூடியது, விலகிப் போகும் வழியை விட்டுவைப்பது: கதவு திறந்திருக்கட்டும், ஜன்னல் திறந்திருக்கட்டும், கருவி அரை மணி நேரத்துக்கு மேல் ஓட வேண்டாம். பூனையும் பறவையும் இருக்கும் அறையில் அதை வைக்காமலிருப்பதே நல்லது.

தோலில் தடவும் தைலத்தைத் தேங்காய் எண்ணெய் போன்ற ஒன்றில் கலந்தே தடவ வேண்டும். பெரியவர்களுக்கு 1 முதல் 2 சதவீதம் போதும். 30 மில்லி எண்ணெய்க்கு 6 முதல் 12 சொட்டு. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கும், மருத்துவர் சொல்லாமல் கர்ப்பிணிக்கும் வேண்டாம். தேங்காய் எண்ணெயில் கற்பூரம் காய்ச்சி மார்பில் தடவும் வழக்கத்தையும் சிறு குழந்தைகளுக்குத் தவிர்க்கவேண்டும். கற்பூரம் தோல் வழியாகவும் உள்ளே போகும். பூஜைக்குக் கற்பூரம் ஏற்றுவதில் தடையொன்றுமில்லை. டப்பா மட்டும் பூஜை அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்து எட்டாத உயரத்துக்கு ஏறியாக வேண்டும்.

குழந்தை விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. தைலம் நுரையீரலுக்குள் இறங்கிவிடலாம், வலிப்பு வந்தால் மூச்சும் அடைபடலாம். 108-ஐ அழைத்து, சீசாவையும் கையோடு கொண்டுபோக வேண்டும். எந்தத் தைலம், எவ்வளவு குறைந்திருக்கிறது என்பது மருத்துவருக்கு முதலில் தேவைப்படும். பூனை, நாயின் மயிரில் கொட்டியிருந்தால் நக்கவிடாமல் பிடித்துக்கொண்டு, பாத்திரம் துலக்கும் மென்மையான சோப்புநீரால் உடனே கழுவிவிட்டுக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும்.