கேட்காமல் தரும் தண்டனையும் துணைவரின் நியாயமும்

ஊழியர் மீது நிர்வாகம் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கும்போது அவருடைய மனைவிக்கோ கணவருக்கோ அதில் இடமில்லை. குற்றச்சாட்டுக் குறிப்பாணை துணைவர் பெயருக்கு வருவதில்லை. விசாரணையில் ஊழியருக்கு உதவியாக உட்காருபவர் பெரும்பாலும் சக ஊழியர் அல்லது தொழிற்சங்கப் பிரதிநிதிதான். ஆனால் சஸ்பெண்டு ஆணை வந்த மாதமே வீட்டுக்கு வரும் பணம் பாதியாகிறது. கடன்காரர் குரல் மாறுகிறது. உறவினர் வீட்டு விசேஷத்துக்குப் போகவே தயக்கம் வருகிறது. எந்தக் குற்றமும் சாட்டப்படாத ஒருவர் தண்டனையில் பங்கு பெறுகிறார். அவர் எழுப்பும் குரலுக்கு அறத்தின் முன் என்ன மதிப்பு?

துணைவர் நடுநிலையானவர் அல்லர் என்பதே முதலில் வரும் மறுப்பு. உண்மைதான், அவர் நடுநிலையாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் சரியல்ல. ஆடு திருடிய தந்தையை மகன் காட்டிக்கொடுப்பதைக் கன்பூசியஸ் நேர்மையின் அடையாளமாக ஏற்கவில்லை. பெர்னார்ட் வில்லியம்ஸ் என்ற ஆங்கிலேய மெய்யியலாளர், ஆபத்தில் சிக்கிய மனைவியைக் காப்பாற்றும் முன் அறக்கோட்பாடு அதற்கு இடம் தருகிறதா என்று யோசிப்பவன் தேவைக்கு மேல் யோசிக்கிறான் என்றார். பற்று குறையல்ல. ஆனால் பற்றினால் மட்டுமே ஒருவர் குற்றமற்றவர் என்று தீர்ப்பாகிவிடாது.

இங்கே இரண்டு முறையீடுகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். 'அவர் அதைச் செய்திருக்க மாட்டார்' என்பது ஒன்று; அது நம்பிக்கை, தவறாகவும் இருக்கலாம். 'அவர் சொல்வதைக் கேட்காமல் தண்டிக்காதீர்கள்' என்பது மற்றொன்று. இதைச் சொல்ல நம்பிக்கைகூடத் தேவையில்லை. குற்றம் செய்தவருக்கும் இந்த உரிமை உண்டு என்பதால், இதைக் கேட்கும் துணைவரிடம் பாரபட்சம் இருக்கிறது என்று தள்ளிவிட முடியாது.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் ரிச்சர்ட் பென்ட்லி என்ற அறிஞரை விசாரிக்காமலே அவருடைய பட்டங்களைப் பறித்தது. 1723-ல் அந்த வழக்கை விசாரித்த இங்கிலாந்து நீதிமன்றத்தில் நீதிபதி ஒருவர் ஆதாமின் கதையை எடுத்துக்காட்டினார்: எல்லாம் அறிந்த கடவுளே ஆதாமை அழைத்து விளக்கம் கேட்ட பிறகுதான் தண்டித்தார். ஆதியாகமத்தின் அதே பகுதியில் இன்னொன்றும் இருக்கிறது. ஆதாம் சொன்ன பதிலோடு விஷயம் முடிந்துவிடவில்லை. ஏவாளிடமும் தனியாகக் கேட்கப்படுகிறது. துணைவரைத் தாக்கப்போகும் தீர்ப்பில் துணைவரின் சொல்லுக்கும் அங்கே இடம் இருந்தது.

சிலப்பதிகாரத்தில் வணிகனான கோவலனுக்கும் பாண்டியனுக்கும் இருந்தது வேலை உறவு அல்ல. ஆனாலும் தமிழில் இந்தக் கேள்விக்கு அதைவிடக் கூர்மையான இடம் இல்லை. அரசியின் சிலம்பைத் திருடியவன் கோவலன் என்ற பொற்கொல்லனின் ஒரு சொல்லை நம்பி, எதிர்த் தரப்பைக் கேட்காமலே மன்னன் அவனைக் கொல்ல ஆணையிடுகிறான். அரசவைக்கு வரும் கோவலனின் மனைவி கண்ணகி கணவனின் நல்ல குணத்தைச் சாட்சியாக வைக்கவில்லை. தன் சிலம்புக்குள் இருக்கும் பரல் மாணிக்கம் என்கிறாள். அரசியின் சிலம்பில் இருப்பது முத்து. சிலம்பு உடைகிறது, உண்மை தெரிகிறது, மன்னன் தன் தவற்றை ஏற்று உயிர்விடுகிறான். முறையான விசாரணை மதுரையில் நடக்கத்தான் செய்தது. ஆனால் தண்டனை நிறைவேறிய பிறகு. அதை நடத்த வைத்தவள் மனைவி.

இன்றைய நடைமுறையில் அநீதி இவ்வளவு வெளிப்படையாக வருவதில்லை. விசாரணைக்கு நாள் குறிப்பார்கள், கடிதமும் வரும். ஆனால் போக முடியாத நிலை உருவாக்கப்பட்டிருக்கும். 1985-ல் கோலார் பாரத் தங்கச் சுரங்க நிறுவனத்தின் பாதுகாப்பு அதிகாரி ஒருவர் சஸ்பெண்டு செய்யப்பட்டார். சஸ்பெண்டு காலத்தில் தர வேண்டிய பிழைப்பூதியம் அவருக்குத் தரப்படவில்லை. அப்போது இருந்த கேரளத்திலிருந்து விசாரணைக்கு வந்து போகப் பணமில்லை, உடல்நலமும் சரியில்லை. விசாரணை அவர் இல்லாமலே முடிந்தது, 1986-ல் பணிநீக்கம். அதே விவகாரம் பற்றிய குற்ற வழக்கில் 1987-ல் அவர் விடுதலையானார். 1999-ல்தான் உச்ச நீதிமன்றம் பணிநீக்கத்தை ரத்து செய்தது. சஸ்பெண்டு செய்யப்பட்டாலும் வேலை உறவு முறிவதில்லை, பிழைப்பூதியத்தை நிறுத்துவது அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு காக்கும் வாழ்வுரிமையைத் தொடுகிறது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். பதினான்கு ஆண்டு அந்தக் குடும்பம் எப்படிச் சாப்பிட்டது என்பது எந்த விசாரணைக் கோப்பிலும் வராத கேள்வி.

பிழைப்பூதியம் நிர்வாகம் காட்டும் கருணை அல்ல. பேசும் உரிமை உண்மையாக இருக்க அது முன்நிபந்தனை. மேல்முறையீட்டுக் காலத்தில் மாதம் ஒரு ரூபாய் போதும் என்ற மகாராஷ்டிர விதியை 1983-ல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. தமிழ்நாட்டின் 1981-ஆம் ஆண்டுச் சட்டம் முதல் 90 நாளுக்கு ஊதியத்தில் 50 சதவீதம், பிறகு 180 நாள் வரை 75 சதவீதம், அதற்கு மேல் முழு ஊதியம் என்று நிர்ணயித்தது. இழுத்தடிப்பதன் செலவை வீட்டின் மேல் போடாமல் நிர்வாகத்தின் மேல் போட்ட நல்ல சட்டம் அது.

துணைவரின் கோரிக்கைக்கு எல்லையும் உண்டு. புகார் கொடுத்தவரின் பெயரையோ வாக்குமூலத்தையோ அவர் கேட்க முடியாது. பாலியல் தொல்லைப் புகார்களில் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றை வெளியிடுவதைத் தடுக்கிறது, அது சரியே. ஊதியம் உரிய நாளில் வர வேண்டும், விசாரணை இழுபடக் கூடாது, முடிவுக்குக் காரணம் எழுத்தில் இருக்க வேண்டும்: இவற்றைக் கேட்க அவருக்கு முழு நியாயம் உண்டு. இவற்றில் எதுவும் புகார்தாரருக்கு எதிரானது அல்ல.

சட்டம் துணைவரை நேராகப் பார்த்த இடம் ஒன்று உண்டு. தொழிலாளி இறந்தாலும் தொழிலாளர் நீதிமன்றத்தில் இருக்கும் வழக்கு முடிந்துவிடாது என்று தொழில் தகராறுச் சட்டத்தில் 1982-ல் திருத்தம் வந்தது. 1993-ல் உச்ச நீதிமன்றமும் வாரிசுகள் வழக்கைத் தொடரலாம் என்றது. கணவர் உயிரோடு இருந்தவரை வாசலிலேயே நின்ற மனைவி, விதவையான பிறகு வழக்கின் தரப்பாக உள்ளே வர முடிகிறது.