உதறிய விதை எங்கே விழுகிறது?

போன ஆடித் திருவிழாவுக்கு இரண்டு வாரம் முன்பு, கோல சிலாங்கூர் வட்டாரத்தில் ஒரு பழைய தோட்டத்துக் கோயிலைச் சுத்தம் செய்யப் போயிருந்தோம். எங்கள் பாட்டி முப்பது வருஷத்துக்கும் மேல் வேலை செய்த தோட்டம் அது. லயத்து வீடுகள் இப்போது இல்லை. சுற்றிலும் செம்பனை, நடுவில் கோயில், கோயிலுக்கு முன்னால் யாரும் பந்து விளையாடாத ஒரு திடல். பதினைந்து பேர் சேர்ந்து கோத்தோங் ரோயோங் போட்டோம். மதியத்துக்குள் திடல் ஓரளவு மனிதர் நடமாடும் இடமாக மாறியது.

வீட்டுக்கு வந்து பார்த்தால், முழங்காலுக்குக் கீழே என் காற்சட்டையின் நிறமே தெரியவில்லை. அவ்வளவு ஒட்டுப்புல். மலாய்க்காரர்கள் ‘கெமுஞ்சுப்’ என்பார்களே, அதேதான். தோட்டத்துத் திடலில் ஓடி வளர்ந்தவர்களுக்கு அதை அறிமுகம் செய்யத் தேவையில்லை. வாசலில் நின்று தட்டினேன், உதறினேன். போகாததைப் பிய்த்துப் பிய்த்துப் பக்கத்து வீட்டு வேலியோரமாகப் போட்டேன்.

பாட்டி உள்ளேயிருந்து பார்த்துவிட்டார்.

“ஏன்யா, உன் கால்ல இருந்தத அவங்க வாசல்ல போடுற? நாளைக்கு அங்க மொளைக்காதா?”

“புல்லுதானே பாட்டி!”

“உனக்குப் புல்லு. குனிஞ்சு புடுங்குறவளுக்கு இடுப்பு.”

பிறகு பழைய நாளிதழ் ஒன்றைக் கொண்டுவந்து தரையில் விரித்தார். காற்சட்டையைக் கழற்றி உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பச் சொன்னார். “வால புடிச்சு இழுக்காத, வராது. மூக்கு எந்தப் பக்கம் நீட்டிக்கிட்டு இருக்கோ அந்தப் பக்கமா இழு” என்றார்.

நான் இயந்திரவியல் மூன்றாம் ஆண்டு மாணவன். பாட்டி சொன்னதில் உள்ள பொறியியல் அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒட்டுப்புல் விதையின் அடிமுனை ஊசி போலக் கூர்மை. அந்த முனையைச் சுற்றி, பின்பக்கம் சாய்ந்த நுண்ணிய முடிகள் உண்டு. துணிக்குள் நுழையும்போது முடிகள் படிந்து வழிவிடும். வந்த வழியே இழுத்தால் விரிந்து நூலைப் பிடித்துக்கொள்ளும். ஒருவழிச் சாலை மாதிரி. அதனால்தான் முரட்டுத்தனமாக இழுத்தால் வால் மட்டும் கையோடு வருகிறது, முனை துணியிலேயே நின்று காலைக் குத்துகிறது. உள்பக்கமிருந்து பொறுமையாக ஒவ்வொன்றாக இழுத்தால் முழுசாக வருகிறது.

ஒட்டும் விதைகளை உற்றுப் பார்த்துப் பெரிய ஆளானவர்களும் உண்டு. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஜார்ஜ் டி மெஸ்ட்ரால் 1940-களில் ஒருநாள் நாயோடு மலைப்பக்கம் நடந்துவிட்டு வந்தார். உடையிலும் நாயின் முடியிலும் ஒட்டியிருந்த முள்விதைகளை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். விதைகளில் இருந்த சின்னச் சின்னக் கொக்கிகள்தான், பல வருஷ முயற்சிக்குப் பிறகு, வெல்க்ரோ ஆயின. 1955-ல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. நம் பள்ளிக் காலணியில் ‘சர்ர்’ என்று பிரிகிறதே, அது.

அன்று மாலை நாளிதழின் முன்னால் உட்கார்ந்திருந்தபோது எனக்கு டி மெஸ்ட்ரால் ஞாபகம் வரவில்லை. என் தம்பிதான் ஞாபகத்துக்கு வந்தான்.

அவன் படிவம் இரண்டு மாணவன். அன்று காலை, “கோயிலுக்கு வாடா, ஆள் பத்தாது” என்று எழுப்பினேன். போர்வைக்குள்ளிருந்தே சொன்னான்: “நா வரலண்ணே. அது தோட்டத்துக் கோயில்.”

‘தோட்டத்து’ என்ற சொல்லை அவன் சொன்ன தொனி எனக்குப் புதிதல்ல. அந்தத் தொனியை அவனுக்குக் கற்றுக்கொடுத்தவனே நான்தான்.

பல்கலைக்கழகத்தில் சேர்ந்த முதல் மாதம், விடுதியில் ஒரு நண்பன், அவனும் தமிழன்தான், நான் பேசியதைக் கேட்டுவிட்டு, “தோட்டத்து ஆளா நீ? வாயத் தொறந்தாலே தெரியுது” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றிலிருந்து என் பேச்சை மாற்றிக்கொண்டேன். ஊர் எது என்று கேட்டால் “கோல சிலாங்கூர், மின்மினிப்பூச்சி பாக்க வருவாங்களே, அந்தப் பக்கம்” என்பேன். தோட்டம் என்ற சொல் வாயில் வராது. இரண்டு வருஷம் அந்த ஒரு வரியைச் சுமந்தேன். பிறகு ஒரு விடுமுறையில் என் நண்பர்கள் வீட்டுக்கு வந்தபோது, தம்பி கொல்லையிலிருந்து சத்தமாக ஏதோ கேட்டான். நான் எல்லார் முன்னாலும், “தோட்டத்தான் மாதிரி கத்தாதடா” என்றேன்.

அவன் பதில் பேசவில்லை. எனக்கோ, சொல்லக் கூச்சமாக இருந்தாலும் உண்மை, ஒரு நிம்மதி. என்மேல் ஒட்டியிருந்தது கழன்றுவிட்டது போல இருந்தது. கழன்றதுதான். ஆனால் அவன்மேல் போய் ஒட்டிக்கொண்டது.

நண்பர்களே, இங்கேதான் என் கேள்வி. ஒட்டியது என் தவறா? உதறியது என் தவறா?

ஒட்டியது தவறில்லை என்றே நினைக்கிறேன். புல்வெளியில் நடந்தால் விதை ஒட்டும். மனிதர்களோடு வாழ்ந்தால் சொல் ஒட்டும். சுமப்பதே குற்றம் என்றால் நம் மாவட்டமே குற்றவாளி ஆகிவிடும். மேற்கு ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட செம்பனையை ஹென்றி ஃபோக்கோனியே 1917-ல் பத்தாங் பெர்ஜுந்தை பக்கம் தென்னமரம் தோட்டத்தில் நட்டார். மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் அதுதான். விதைகள் எப்போதும் யாராவது சுமந்துதான் ஊர் மாறுகின்றன.

உதறியதும் தவறில்லை. குத்தும் முள்ளைக் காலிலேயே வைத்துக்கொண்டு “நான் பொறுமைசாலி” என்று நடப்பதை நான் தர்மம் என்று சொல்லமாட்டேன். அவமானத்தை விழுங்கி விழுங்கிப் புழுங்கிய எத்தனையோ பேரை நம் குடும்பங்களில் பார்த்திருக்கிறோம்.

அப்படியானால் தவறு எங்கே? எங்கே உதறினேன் என்பதில். “எனக்குத் தெரியாமல் நடந்தது, வேண்டுமென்று செய்யவில்லை” என்று நான் சொல்லலாம். பக்கத்து வீட்டு வேலியோரம் போட்டதையும் அப்படித்தான் சொல்வேன். ஆனால் அண்டார்டிகாவில் இந்தச் சமாதானம் செல்லாது. 2007–2008 கோடையில் அங்கே போன பயணிகள், விஞ்ஞானிகள் ஆகியோரின் உடை, காலணி, பைகளை ஆய்வாளர்கள் சோதித்தார்கள். 2012-ல் முடிவு வெளியானது: விதை ஒட்டியிருந்தவர்களிடம் சராசரியாக ஆளுக்கு 9.5 விதைகள். ஒருவர்கூட வேண்டுமென்று கொண்டுபோகவில்லை. ஆனாலும் அந்நிய விதை அந்த மண்ணில் முளைத்தால் கெடுதல் கெடுதல்தான். அதனால் இப்போது சுற்றுலாப் பயணிகள் கரையிறங்கும் முன் சட்டைப் பை, காலணி, வெல்க்ரோ பட்டை எல்லாவற்றையும் தூசி உறிஞ்சியால் சுத்தம் செய்ய வேண்டும். விதையைப் பார்த்து உருவான வெல்க்ரோவே இன்று விதையைச் சுமக்கிறது! அங்கே யாரும் “நீ நினைத்துச் செய்தாயா?” என்று கேட்பதில்லை. “இறங்கும் முன் பார்த்தாயா?” என்றுதான் கேட்கிறார்கள். வெளியே போய் வந்த கோபத்தோடு வீட்டு வாசற்படி ஏறும் நமக்கும் இந்தக் கேள்வி பொருந்தும்.

இன்னொன்றையும் கவனித்தேன். உதறியது எப்போதும் கீழேதான் விழுகிறது. விடுதி நண்பனிடம் நான் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லவில்லை, பயம். என்னைவிட எட்டு வயது சிறியவனிடம் சொன்னேன். அவன் என்னைத் திருப்பிக் கேட்கமாட்டான். மேலதிகாரி திட்டியதை அப்பா அம்மாவிடம் கொட்டுவதும், அம்மா அதைப் பிள்ளையிடம் கொட்டுவதும் இதே கணக்குதான். யார் குனிந்து பொறுக்குவார்களோ அவர்கள் வாசலில்தான் நாம் போடுகிறோம்.

“அப்படியென்றால் எவனோ ஒட்டியதை நான் சுமந்துகொண்டே இருக்கணுமா?” என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. இதையே நான் வேறு மாதிரி பாட்டியிடம் கேட்டேன்: “பேப்பர் இல்லன்னா என்ன பண்றது?” பாட்டி விதையை எடுத்துக்கொண்டே சொன்னார்: “கெளம்புறதுக்கு முன்னாடி திடல்லயே உக்காந்து எடுத்திருக்கணும். அங்கதான் ஏற்கனவே மொளைச்சிருக்கே.”

ஒட்டிய இடத்திலேயே எடுத்துவிட வேண்டும். அன்று விடுதியிலேயே அந்த நண்பனிடம், “ஆமா, தோட்டத்து ஆள்தான். அதுல சிரிக்க என்ன இருக்கு?” என்று அமைதியாகக் கேட்டிருக்கலாம். அது பழிவாங்குவது ஆகாது. அவன் பொருளை அவனிடமே கொடுப்பது. அங்கே முடியவில்லை என்றால் தனியே உட்கார்ந்து, யார் காலிலும் படாதபடி நாளிதழை விரித்துக்கொள்ள வேண்டும். அந்த நாளிதழ் நம்பிக்கையான ஒரு நண்பராக இருக்கலாம். கோயிலில் பத்து நிமிஷ மௌனமாக இருக்கலாம். அவசரப்பட்டுப் பிய்த்தால் வால்தான் வரும். உள்ளே போய், முனை எந்தப் பக்கம் குத்துகிறது என்று பார்த்து எடுக்க வேண்டும். எனக்கு வலித்தது அவன் சொன்ன சொல் அல்ல. அது கேவலம் என்று நானே நம்பியதுதான்.

விநாயகர் சதுர்த்திக்கு 21 இலைகளால் அர்ச்சிப்போம் அல்லவா? அதில் நாயுருவியும் ஒன்று. அதன் விதையும் உடையில் ஒட்டுகிற வகைதான். வடமொழியில் அதற்குப் பெயர் அபாமார்க்கம். துடைத்து அகற்றுவது என்று பொருள். நம்மேல் படிந்த தீமையைத் துடைத்துவிடும்படி அதர்வ வேதம் அந்தச் செடியிடமே வேண்டுகிறது. ஒட்டுகிற செடிக்கே துடைக்கிற பெயர்! ஒட்டுவதால் அது இழிவாகிவிடவில்லை. பிள்ளையாரின் பாதம்வரை போகிறது. தோட்டம் என்ற சொல்லும் அப்படித்தான் என்று இப்போது நினைக்கிறேன்.

அன்று பாட்டி நாளிதழைச் சுருட்டி, பிளாஸ்டிக் பையில் போட்டு முடிச்சுப் போட்டார். நான் வேலியோரம் போய், போட்டதில் கண்ணுக்குத் தெரிந்ததைப் பொறுக்கினேன். பாதிகூடக் கிடைக்கவில்லை. இரவு தம்பியிடம், “அன்னைக்கு அப்படிச் சொன்னது தப்புடா. என்னைய ஒருத்தன் சொன்னான், நான் ஒன்னையச் சொல்லிட்டேன்” என்றேன். “பரவால்லண்ணே” என்றான், கைப்பேசியிலிருந்து தலை தூக்காமல்.

திருவிழாவுக்கு வந்தான். ஆனால் வாசலுக்கு வெளியே, பள்ளி நண்பர்கள் யாராவது பார்த்துவிடுவார்களோ என்பது போல ஒதுங்கி நின்றான். மன்னிப்புக் கேட்பது விதையைத் திரும்ப எடுத்துவிடாது. அது ஏற்கனவே முளைத்துவிட்டது. போட்டவன்தான் குனிய வேண்டும். இப்போதெல்லாம் அவன் நண்பர்கள் வீட்டுக்கு வந்தால், நானே அவர்களிடம் அந்தத் தோட்டத்தைப் பற்றியும் பாட்டியின் வேலையைப் பற்றியும் பேசுகிறேன், தோட்டத்துப் பேச்சிலேயே. தம்பி இன்னும் நெளிகிறான். நான் இன்னும் பிடுங்கிக்கொண்டிருக்கிறேன்.